இனி புத்தகம் வீடு தேடி வராது

டெலிபோன் டைரக்டரியை யாரும் முதல் பக்கத்திலிருந்து படிப்பதில்லை. புதுப் புத்தகம் கைக்கு வந்ததும் எல்லோரும் முதலில் தேடுவது தங்கள் பெயரைத்தான். இனிஷியல் மாறிவிடவில்லையே, எண் சரிதானே என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு மூடிவைத்துவிடுவார்கள். டைரக்டரிப் பிரிவில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்துவிட்டுப் போன மாதம்தான் ஓய்வு பெற்றேன். கடைசிப் பதினோரு வருடம் அந்தப் பிரிவுக்கே நான்தான் தலைவன். அதனால் இந்தச் சின்ன ஆசை எனக்கு நன்றாகத் தெரியும்.

என் மனைவி எங்கள் பெயரைத் தேடியதே இல்லை.

அவளைப் பார்க்கத்தான் நீங்கள் வந்திருக்கிறீர்கள். அவள் போய் ஏழு மாதம் ஆகிறது என்று சொன்னதும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டீர்கள். உட்காருங்கள் அம்மா. தண்ணீர் குடியுங்கள். கடைசி நாட்களில் அவள் யாரையாவது கேட்டாளா என்று கேட்டீர்கள். ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் முழுக்கச் சொன்னால்தான் நியாயமாக இருக்கும். எதையும் மறைக்கிற வழக்கம் எனக்கு இல்லை. இதுவரை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அப்போதெல்லாம் போன் இருந்த ஒவ்வொரு வீட்டுக்கும் வருடத்துக்கு ஒருமுறை, கேட்டாலும் கேட்காவிட்டாலும், டைரக்டரி வந்துவிடும். மூன்று சக்கர வண்டியில் அடுக்கிக்கொண்டு ஒருவர் வருவார். எங்கள் மாடிக்கு ஏறும்போதே மூச்சு வாங்கும் சத்தம் கேட்கும். கல்யாணமான மூன்றாவது வருடம் அது வந்தபோது நான் வீட்டில் இருந்தேன். என் மனைவி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். சாப்பாட்டு மேஜையில் வைத்து, நடுவில் ஓர் இடத்தில் திறந்தாள். இரண்டு பக்கம் தள்ளினாள். விரலை மேலிருந்து கீழே இறக்கிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினாள். அங்கேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். பிறகு மூடிவிட்டு, அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

அவள் முகத்தில் அப்போது ஒரு நிம்மதி தெரிந்தது. தூர ஊருக்குப் போனவர் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்துவிட்டதாகப் போன் வந்தால் ஒரு முகம் வருமே, அது. நான் ஆபீஸிலிருந்து வீட்டுக்கு வந்து சேரும்போது அந்த முகம் வந்ததில்லை.

அடுத்த வருடமும் அதே மாதிரி. அதற்கடுத்த வருடமும். என் வேலையே பிழை பார்ப்பது. எந்தப் பக்கத்தில், எந்த வரிசையில், எவ்வளவு உயரத்தில் விரல் நின்றது என்பதெல்லாம் எனக்குப் பார்த்தாலே பதிந்துவிடும். பெயர்கள் கூடக் கூட ஒவ்வொரு வருடமும் வரிகள் கொஞ்சம் தள்ளிப்போகும். மூன்று புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மூன்றிலும் அவள் விரலுக்கு அடியில் வந்த பெயர் ஒன்றே ஒன்றுதான். ஒரு பல் டாக்டர்.

அவளிடம் நான் கேட்கவில்லை. சந்தேகப்படுகிற புருஷன் என்று பெயர் வாங்க எனக்கு விருப்பமில்லை. நேரில் போய்ப் பார்த்துவிட்டேன்.

வாசலில் வரிசையாக ஆறு நாற்காலி. என் முறை வந்ததும் உள்ளே போய் வாயைத் திறந்தேன். அவர் ஒவ்வொரு பல்லாகத் தட்டிப் பார்த்தார்.

"பல்லுல ஒண்ணும் இல்லையே சார்."

"வலிக்குது டாக்டர்."

"எங்க வலிக்குது? இதுவா?"

"அதுதான். எடுத்துடுங்க."

"நல்ல பல்லு சார். ஏன் எடுக்கணும்? இன்னும் நாப்பது வருஷம் வரும்."

நான் விடாமல் பிடிவாதம் பிடித்தேன். வேறு எப்படி ஒரு மனிதரை அவ்வளவு கிட்டத்தில் அரைமணி நேரம் பார்ப்பது? என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வழுக்கை. விரல்களில் கிராம்பு எண்ணெய் வாசனை. நிதானமான கை. இவரிடம் என்ன இருக்கிறது என்று யோசித்துக்கொண்டே பல்லைக் கொடுத்தேன். வெளியே வந்தபோது ஆறாவது நாற்காலியில் பத்துப் பதினோரு வயதுப் பெண் ஒருத்தி, பள்ளிச் சீருடையில், மடியில் பையை வைத்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். பெண்டாட்டி பிள்ளை உள்ள மனிதர், அவரை இவள் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறாளே என்று வாயில் பஞ்சோடு வீட்டுக்கு நடந்தேன். அடுத்தடுத்த வருடங்களில் இன்னும் இரண்டு நல்ல பற்களை அங்கே கொடுத்தேன். புதிதாக ஒன்றும் தெரியவில்லை.

எங்களுக்குக் குழந்தை இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். குறை யாரிடம் என்று நாங்கள் பரிசோதித்துக்கொள்ளவில்லை. அவளிடம்தான் என்று நானே வைத்துக்கொண்டு, பெருந்தன்மையாக இருந்துவிட்டேன். ஒரு நாள்கூட அதைச் சொல்லிக் குத்திக்காட்டியதில்லை. என் அக்கா வந்து ஏதாவது பேச வாயெடுத்தால்கூட, "அவளை ஒண்ணும் சொல்லாத, பாவம்" என்று அடக்கிவிடுவேன். என் மனைவி தட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

டாக்டரின் பெயரையே டைரக்டரியிலிருந்து எடுத்துவிடுவது எனக்கு ஒரு வேலையே இல்லை. ஒரு வருடம் அப்படித்தான் செய்தேன். புத்தகம் வந்த அன்று அவள் விரல் இறங்கி வந்தது, மேலே போனது, மறுபடி இறங்கியது. பக்கத்தைத் திருப்பினாள், பின்னால் போனாள். மத்தியானம் சாப்பிடவில்லை. சாயங்காலம் தையல்காரரிடம் போய்வருகிறேன் என்று கிளம்பினாள். நான் பின்னாலேயே போனேன். டாக்டர் வீட்டு எதிர்ச் சாரியில் நின்று பெயர்ப் பலகையைப் பார்த்தாள். மாடியில் விளக்கு எரிவதைப் பார்த்தாள். உள்ளே போகவில்லை. திரும்பி வந்து எனக்குத் தோசை வார்த்தாள். டாக்டர் புகார் எழுதியிருந்தார். மன்னிப்புக் கடிதத்தில் நானே கையெழுத்துப் போட்டேன்.

பெயரை எடுத்தால் அவள் நேரிலேயே போய்விடுகிறாள். புத்தகமே வராவிட்டால், வராதது வழக்கமாகிவிடும். மனசு மெதுவாக ஆறிவிடும். நான் அப்படித்தான் யோசித்தேன்.

பிரிவுத் தலைவன் ஆனதும் மேலிடத்துக்கு ஓர் அறிக்கை எழுதினேன். மூன்று லட்சத்து நாற்பதாயிரம் வீடுகளுக்கு வருடாவருடம் புத்தகம் போகிறது. எவ்வளவு காகிதம், எத்தனை லாரி. பாதி வீடுகளில் பிரிப்பதுகூட இல்லை. மாடிப்படியில் கிடந்து மழையில் ஊறுகிறது. கதவு அடித்துக்கொள்ளாமல் முட்டுக் கொடுக்கிறார்கள். எல்லோர் சட்டைப் பையிலும் போன் இருக்கிற காலத்தில் இது எதற்கு? வேண்டும் என்பவர்கள் ஒரு அட்டையில் எழுதி அனுப்பட்டும், அவர்களுக்கு மட்டும் கொடுப்போம். அறிக்கையில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. ஐந்தாறு வருடம் இழுத்தடித்துக் கடைசியில் ஒப்புக்கொண்டார்கள். நிறுத்த வேண்டியது ஒரு வீட்டுக்கு மட்டும்தான். ஆனால் ஒரு வீட்டுக்கு நிறுத்தினால் கேள்வி வரும். ஊருக்கே நிறுத்தினால் பாராட்டு வரும். வந்தது. சால்வைகூடப் போட்டார்கள்.

வண்டிக்காரர் ஆபீஸுக்கு வந்து என் மேஜைக்கு முன்னால் நின்றார். "சார், உங்க வீட்டுக்கு மட்டுமாவது வழக்கம்போல ஒண்ணு போட்டுடறேன் சார். அம்மா ஆசையா கை நீட்டி வாங்குவாங்க" என்றார். சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

எங்கள் வீட்டுக்கும் அட்டை வந்தது. 'வேண்டாம்' என்ற கட்டத்தில் கோடு போட்டு நானே அனுப்பினேன். கையோடு எங்கள் பெயரையும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். அந்தப் பக்கத்திலிருந்தும் யாரும் இவளைத் தேடக் கூடாது அல்லவா.

"இந்த வருஷம் புக்கு இன்னும் வரலியே?" என்று கேட்டாள்.

"நிறுத்திட்டாங்க."

"யாரு?"

"மேல."

"ஆபீஸ்லேர்ந்து ஒண்ணு எடுத்துட்டு வரமுடியுமா?"

"எதுக்கு? யார் நம்பர் வேணும்? சொல்லு, நான் பார்த்துச் சொல்றேன்."

"சும்மாதான்" என்றாள். அதற்குப் பிறகு கேட்கவில்லை. ஆறிவிட்டது என்று நினைத்தேன்.

போன வருடம் வயிற்றில் கட்டி என்றார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்து மூன்றாவது வாரம், மத்தியானம் நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தபோது சொன்னாள்.

"ஒரு உதவி செய்யணும்ங்க. ஒரு நம்பர் வேணும். எனக்குத் தெரிஞ்ச நம்பரைப் போட்டுப் பார்த்தேன், இப்ப உபயோகத்துல இல்லைங்குது. உங்க ஆபீஸ் புக்குல இருக்கும்."

"யாரோட நம்பர்?"

டாக்டர் பெயரைச் சொன்னாள். அந்தப் பெயரை அவள் வாயால் கேட்க இருபத்து மூன்று வருடம் காத்திருந்தேன். "யார் அவர்?" என்றேன், தெரியாதவன் போல.

"அவர்கிட்ட நான் பேசினதே இல்லை. அங்க என் பொண்ணு இருக்கா."

பத்தொன்பது வயதில், கல்யாணத்துக்கு ஆறு வருடம் முன்னால், ஒரு பெண் குழந்தை பெற்றிருக்கிறாள். பிரசவம் பார்த்த நர்ஸ் அதைக் குழந்தையில்லாத பல் டாக்டர் தம்பதிக்குக் கொடுத்திருக்கிறார். ஒருபோதும் எதிரில் வருவதில்லை என்று இவள் வாக்குக் கொடுத்திருக்கிறாள். "வருஷா வருஷம் புக்கு வந்தா பார்த்துக்குவேன். அந்த விலாசத்துல பேரு இருந்தா, அவ நல்லா இருக்கான்னு அர்த்தம். வேற ஒண்ணும் வேணாம்னு இருந்தேன். இப்ப ஒரே ஒருதரம் குரலைக் கேக்கணும்" என்றாள்.

அந்தப் பெண் நீங்கள்தான். ஆறாவது நாற்காலியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியவர்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க மனசு கஷ்டப்படும்னுதான் இத்தனை வருஷமா சொல்லலை" என்றாள். எந்தக் கஷ்டத்தைச் சொன்னாள் என்று புரிய எனக்கு ஒரு நிமிடம் ஆயிற்று. குறை அவளிடம் இல்லை. அது அவளுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். "பாவம், ஒண்ணும் சொல்லாத" என்று நான் அக்காவை அடக்கியபோதெல்லாம், தட்டைப் பார்த்துக்கொண்டு அவள்தான் எனக்காகப் பாவப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

டாக்டர் மேல் எனக்கு இருந்த வருத்தமெல்லாம் அந்த நிமிடமே போய்விட்டது. ஓர் ஆண் என்றால் போட்டி போடலாம். ஒரு குழந்தையோடு என்ன செய்வது?

மறுநாள் காலை பதினொரு மணிக்கு ஆபீஸில் புத்தகத்தைப் பிரித்தேன். டாக்டர் வீடு மாற்றியிருந்தார். புது எண்ணைச் சுழற்றினேன். எடுத்தது நீங்கள். "ஹலோ, யாருங்க?" என்றீர்கள். "ஹலோ, கேக்குதா?" என்றீர்கள். அச்சு அசல் அவள் குரல். ஒன்றும் பேசாமல் வைத்துவிட்டேன். வளர்த்த அம்மா சொல்லித்தான் எங்கள் பெயர் தெரிந்தது, மூன்று வருடம் டைரக்டரியில் தேடியும் கிடைக்காமல் விசாரித்து விசாரித்து வந்தேன் என்றீர்களே, அந்தச் சமயத்திலும் தேடிக்கொண்டுதான் இருந்திருப்பீர்கள். ஒரு வார்த்தை பேசியிருந்தால் அன்று சாயங்காலமே வந்திருப்பீர்கள். உங்கள் வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளித்தான் ஆஸ்பத்திரி.

பார்வையாளர் நேரத்துக்குப் போனேன். அவள் தலையை வாரி, பொட்டு வைத்துக்கொண்டு, தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"கிடைச்சுதா?"

"கிடைச்சுது. பேசினேன்" என்றேன். "அந்தப் பொண்ணு இல்லையாம். பன்னெண்டு வயசுலயே காய்ச்சல் வந்து போயிட்டாளாம்."

வாய் தவறி வந்த வார்த்தை இல்லை. வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனதுதான். வயதைக்கூட யோசித்துத்தான் வைத்தேன். சின்ன வயதிலேயே போய்விட்டாள் என்றால், வருடாவருடம் அந்தப் பெயரைப் பார்த்து அவள் அடைந்த நிம்மதியும் கூடவே போய்விடும். மிச்சம் ஒன்றும் இருக்காது.

"எந்த வருஷம்?" என்று கேட்டாள். சொன்னேன். விரல் விட்டு எண்ண ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டாள். அழவில்லை. ஆரஞ்சு கொடுத்தேன், வேண்டாம் என்று தலையசைத்தாள்.

அதற்குப் பிறகு நாலு நாள் இருந்தாள். டாக்டர்கள் ஆறு மாதம் தாங்கும் என்று சொல்லியிருந்தார்கள். இப்படிச் சட்டென்று உயிரை விட்டுவிடுவார் என்று எதிர்பார்க்கவில்லை என்றார்கள். நான் லீவு போட்டுவிட்டுக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருந்தேன். தலையணை சரி செய்தேன், உதட்டில் தண்ணீர் தொட்டு வைத்தேன். இவ்வளவு பார்த்துக்கொள்கிற புருஷன் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று நர்ஸ் சொன்னார்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் இதுதான் அம்மா. கடைசியில் அவள் யாரையும் கேட்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவள், அந்த நாலு நாளும் என் பக்கம் திரும்பவே இல்லை. வேறு யார் பக்கமும் திரும்பவில்லை. கல்யாணமாகி இருபத்தெட்டு வருடத்தில் அப்போதுதான் அவள் எனக்கு மட்டும் சொந்தமாக இருந்தாள்.