தண்ணீர் புகாத மஞ்சள் கேமரா

—கறுப்பு கேமராவே போதும் அபிதா. சட்டப் பாக்கெட்டுல அடங்குது, வெல பாதி. மஞ்சள கையில புடிச்சா செங்கல்லத் தூக்கின மாதிரி கீது.

—கறுப்புல தண்ணி பட்டா போச்சுன்னு, ரெண்டையும் பாக்கக் குடுக்கறப்பவே ஸ்டூடியோ ராமதாஸு சொல்லிட்டுப் போச்சே, கேட்டீங்க இல்ல? நாம போறது ராமேஸ்வரம். கடல்ல முழுகி எழுந்து, ஈரத்தோட கோயிலுக்குள்ள போயி, இருபத்திரண்டு கெணத்துலயும் தலைக்கு ஊத்திக்கணும். அங்க கறுப்ப எங்க வெச்சுக்குவீங்க, வாயிலயா?

—குளிச்சு, துவட்டி, தலையச் சீவிக்கினு அப்பறம் எடுத்துக்கறது. மனுசங்க அப்படித்தான் படம் எடுத்துக்கறாங்க.

—நெழலுக்கு வந்துட்டா ஃபிளாஷ் அடிக்கும். ஃபிளாஷ் அடிச்சா நீங்க கண்ண மூடிக்குவீங்க.

—ஆரம்பிச்சிட்டியா.

—பின்ன? அறுபத்திரண்டுல நடந்த கல்யாணம். இருபத்தினாலு வருசமா அந்தப் படம் கூடத்துல மாட்டிக் கீது. வர்றவங்கெல்லாம், மாப்பிள்ள நின்னுகினே தூங்கறாரான்னு கேக்கறாங்க. நெசவாளர் சங்கத்து அட்டையிலயும் மூடியாச்சு. இந்த ஆளு தறியில எப்படி ஒக்காருதுன்னு காரியதரிசி கேட்டாராமே.

—அவருக்கு இன்னா தெரியும். நெசவு கையிலயும் காலுலயும் கீது.

—எனக்கு ஒரு படம் வேணும். ஒண்ணே ஒண்ணு, கண்ணு தெறந்து. ஃபிளாஷ் வேணாம்னா வெயிலு வேணும். ராமேஸ்வரத்துல வெயிலு கொட்டற எடம் கடலு. கடலுக்குள்ள நின்னு எடுக்கணும்னா மஞ்சள் கேமரா. சரியா வருதா?

—உன்ன வக்கீலுக்குப் படிக்க வெச்சிருக்கணும். தண்ணி பூராதுன்னு பொட்டியில அச்சடிச்சா ஆச்சா? சாயம் போவாதுன்னு நம்ம தெருவுல சீட்டு ஒட்டாத கட கீதா?

—நம்பிக்க இல்லன்னா நீங்களே பாத்துடுங்க. ஃபிலிம் போடற எடத்துல ஒரு முழம் வெள்ளப் பட்டு நூல வெச்சு மூடுங்க. பின்கட்டுத் தொட்டியில அரக்குச் சாயம் ஆறிப்போயி கீது. அதுக்குள்ள கால் மணி நேரம் கெடக்கட்டும். ஒரு துளி பூந்தாலும் பட்டு காட்டிக் குடுத்துடும்.

—அட. இது நல்ல சோதன. தண்ணியில போட்டா உள்ள பூந்து காஞ்சுடும், தெரியாது. சாயத்த ஏமாத்த முடியாது.

—அதான் சொல்றேன். போங்க, நான் அடுப்பப் பாக்கறேன்.

*

—நூலு மல்லிப்பூ மாதிரி வெள்ளையா கீது அபிதா. ஒத்துக்கறேன், பூரல. ஆனா இந்தப் புடியில ரப்பரு போட்டுக் கீதே, அது பூரா செவந்து போச்சு. தேங்கா நாரு போட்டுத் தேச்சேன், போவல.

—நீங்க போட்ட சாயமாச்சே. போனாத்தான் அசிங்கம்.

—ராமதாஸு தெரு முனையில வந்துகினு கீறான். ஜல்தி ஒரு துணி குடு.

—வா ராமதாஸு. மோர் சாப்புடறியா?

—வேணாம் அண்ணி, ஸ்டூடியோவ அப்படியே தெறந்து போட்டுட்டு வந்துட்டேன். அண்ணே, எது வேணுமோ எடுத்துக்குங்க. மத்தத என் மச்சான் போளூருல ஒருத்தருக்குச் சொல்லி வெச்சிருக்கான். துபாய்லேர்ந்து சட்டைக்குள்ள சுத்தி எடுத்துகினு வந்த பொருளு. அண்ணே, இது இன்னா கலரு?

—தண்ணியில போட்டுப் பாத்தேன்.

—எங்க வூட்டுத் தண்ணிக்குக் கலரு கெடையாதுண்ணே.

—சாயத்தண்ணி.

—பேஜாரு பண்ணிட்டீங்களே. மாட்டுக் கொம்பு மாதிரி ஆக்கிட்டீங்க. இத இனிமே யாரு வாங்குவாங்க?

—நீ ஏன் விக்கணும்? உங்க அண்ணன்தான் எடுத்துக்கறாரே. கெடுத்த பொருள திருப்பித் தர்ற குடும்பமா இது?

—அபிதா.

—இன்னாங்க?

—சாயத்தொட்டி யோசன உன்னுது.

—நூல வெச்சது நீங்க, முக்கினது நீங்க. நான் அடுப்பாண்ட இருந்தேன்.

—ராமதாஸு, இவ மூஞ்சியப் பாத்தியா? சிரிப்ப எங்க ஒளிச்சு வெச்சிருக்கா பாரு. எடுத்துகினு போ கறுப்ப. இதுக்கு ஒரு ஃபிலிம் ரோலு குடுத்து அனுப்பு.

—முப்பத்தாறு படம் வரும்ணே.

—முப்பத்தாறுல ஒண்ணுலயாவது தெறக்கறேன்னு சத்தியம் பண்ணுங்க.

—தெறக்கறதும் மூடறதும் என் கையிலயா கீது?

—வெள்ளிக்கெழம காத்தால களம்பூர்லேர்ந்து யாத்திர பஸ்ஸு. அதுக்குள்ள கண்ணாடி முன்னால நின்னு பழகுங்க.

*

—நீங்க ஏன் அண்ணி கடைக்கு வந்தீங்க? சொல்லியிருந்தா படத்த நானே வூட்டுக்குக் கொணாந்திருப்பேன். பதினாறாம் நாளு கூட ஆவல.

—வூட்டுல கூட்டம். அவரு தங்கச்சி அழுதுகினே சமைக்குது, கொழம்புல உப்பு தாங்கல. கொஞ்ச நேரம் இப்படி ஒக்காந்துட்டுப் போறேன்.

—யாத்திர போயி வந்து நாலே நாளு. படம் கழுவியாச்சான்னு கேட்டுட்டுப் போன அண்ணன், அன்னிக்கி சாயங்காலமே தறியில சாஞ்சு உசுரு போச்சுன்னாங்க. நான் நம்பல.

—நானும்தான். வெளாட்டு காட்டறாருன்னு கொஞ்ச நேரம் திட்டிகினு நின்னேன்.

—நெசமாவா அண்ணி?

—ம். அத வுடு. காரியத்துக்கு மாட்ட ஒரு படம் வேணும். ராமேஸ்வரத்துல எடுத்ததுல கண்ணு தெறந்தது ஒண்ணாவது கீதா?

—வரிசையாப் பாருங்க. கடல்ல மூடிகினு. கரையில மூடிகினு. மொதக் கெணத்துல, ரெண்டாவது கெணத்துல, மூணாவது கெணத்துல.

—தலையில ஊத்தறப்ப யாரா இருந்தாலும் மூடுவாங்க.

—குதிர வண்டியில ஒக்காந்துகினு?

—அங்கயுமா.

—முப்பத்தஞ்சுலயும். கடைசியா ஒண்ணு கீது. அதக் காட்டறதுக்கு முன்னால ஒரு விசயம் சொல்லணும், என்னத் திட்டக் கூடாது.

—சொல்லு.

—சங்கத்து அட்டைக்குப் படம் எடுத்தது நான்தான். மொதல்ல எடுத்ததுல அண்ணன் கண்ணு நல்லாவே தெறந்து இருந்துது. அது வேணாம், நான் மூடிக்கறேன், இன்னொரு தடவ எடுன்னாரு.

—மூடிக்கறேன்னாரா? எதுக்கு?

—கல்யாணத்துல நெசமாவே தானா மூடிகிச்சாம். அதுக்கு நீங்க திட்டினது அவருக்குப் புடிச்சுப் போச்சாம். தெறந்த படம் ஒண்ணு வந்துட்டா அப்பறம் அவ என்னாத்துக்கு என்னத் திட்டுவான்னு கேட்டாரு. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிகினாரு.

—ஃபிளாஷு இல்ல, ஒண்ணும் இல்ல. நான் கடலு வரைக்கும் போயி வெயில தேடிகினு இருந்தேன்.

—ஆமா அண்ணி.

—அந்தக் கடைசிப் படத்தக் குடு.

—இந்தாங்க. ரெண்டு பேரும் சேந்து நிக்கறீங்க. யாரு எடுத்தது?

—கெணத்துல வாளி போட்டு எறைக்கற ஆளு. இருபத்திரண்டாவது கெணத்தாண்ட. நான் கேமராவயே பாத்துகினு வெறப்பா நின்னேன். இவரு பக்கத்துல இன்னா பண்ணாருன்னு எனக்கு இன்னா தெரியும்.

—கண்ணு ரெண்டும் கோழி முட்ட மாதிரி தெறந்து கீது.

—நாக்கு மோவாக்கட்ட வரைக்கும் தொங்குது.

—உங்களுக்குன்னே பண்ணது. அன்னிக்கிக் கடைக்கு வந்தப்ப, பிரிண்டு வந்ததும் ஆள் அனுப்பு, அவ அதப் பாக்கறப்ப நான் அவ மூஞ்சியப் பாக்கணும்னாரு. அண்ணி, தண்ணி எடுத்தாரட்டா?

—வேணாம். சிரிப்பு வருது. கடைத்தெருவுல நான் சிரிக்கக் கூடாது, அடக்கறேன்.

—நாக்க மறைச்சு வாய மூடின மாதிரி டச் பண்ணிக் குடுத்துடறேன். இல்லன்னா சங்கத்துக்கு மொதல்ல எடுத்த நெகட்டிவத் தேடறேன், எங்கயாவது இருக்கும்.

—அது சங்கத்துக்கு எடுத்தது. இது எனக்கு எடுத்தது. இதையே பெருசு பண்ணு.

—மால போடப் போற படம் அண்ணி. உசுரோட கீறவங்க அதுல இருக்கக் கூடாது. உங்கள வெட்டித்தான் எடுக்கணும்.

—என்ன வெட்டிக்கோ. நாக்கத் தொடாத.

—அவரு தங்கச்சி பாத்தா மயக்கம் போட்டு வுழும்.

—வுழட்டும். அன்னிக்காவது நான் சமைக்கறேன்.

—இன்னொண்ணு அண்ணி. அவரு கை உங்க தோள்மேல கீது. உங்கள வெட்டினா அந்தக் கைய எங்க வெக்கறது?

—அப்ப தோள மட்டும் வுட்டு வை.