கைராசிக்காரி

கண்ணாடி பாட்டிலுக்குள் செடி வளர்க்கப் பெரிய மூளை எதுவும் வேண்டாம், பொறுமை இருந்தால் போதும். மூலிகை இலையில் ஒரு துணுக்கை வெட்டி, கொதிக்க வைத்து ஆறிய சத்துக்கூழில் நட்டு, மூடிவிட வேண்டும். கிருமி மட்டும் நுழையக் கூடாது. நுழைந்தால் இரண்டொரு நாளில் பூஞ்சை படர்ந்துவிடும், செடி செத்துவிடும். பழி நட்டவர் கைக்குத்தான்.

என் தம்பி மனைவியை இந்த ஆய்வகத்தில் சேர்த்துவிட்டதே நான்தான், ஐயா. அவள் நட்ட எதுவும் பழுதானதில்லை. எல்லாரும் கைராசிக்காரி என்றார்கள். வீட்டிலும் அப்படித்தான். வந்த வருடமே குழந்தை பெற்றாள். எனக்குக் கடைசிவரை வாய்க்காதது. அவர்களோடுதான் இருக்கிறேன். குழந்தை நான் தூக்கினால் வீரிடும், அவள் கை பட்டால் சிரிக்கும். வயிறு எரிந்தது, ஒளிப்பானேன்.

நீங்கள் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் கண்டெடுத்த பாட்டில் என்னுடையதுதான். அதில் பூஞ்சையை மட்டும் கண்ணும் கருத்துமாக வளர்த்தேன். ஊசி முனையில் துளி தொட்டு, அவள் பெயர் ஒட்டிய பாட்டில்களில் வைத்தேன். மற்றவர்களுடையதைத் தொடவில்லை. யாருக்கும் கெடுதல் நினைப்பவள் அல்ல நான்.

அவள் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். தலைமுடியை ஒட்ட வெட்டிக்கொண்டாள். கைத்தோல் வெடித்து ரத்தம் கசிந்தது. அப்போதும் நான் நிறுத்தவில்லை.

"என் உடம்புலதான் ஏதோ இருக்கு அண்ணி. எதைத் தொட்டாலும் கெட்டுப்போகுது" என்று அழுதாள்.

"அப்படியெல்லாம் பேசாதேம்மா" என்றேன். "குழந்தைக்கு வேற சளி விடவே மாட்டேங்குது. அதான் யோசனையா இருக்கு."

அவ்வளவுதான். குழந்தையைத் தொடாதே என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை.

அன்றே பால் கொடுப்பதை நிறுத்தினாள். பால் கட்டிக்கொண்டு வலியில் துடித்தாள். நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன். பிறகு குழந்தையை எங்களிடம் விட்டுவிட்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். ஞாயிறுதோறும் வருகிறாள், கதவைக்கூடத் தொடாமல் தெருவிலேயே நிற்கிறாள். நான் குழந்தையின் கையைப் பிடித்து டாட்டா காட்ட வைக்கிறேன்.

குழந்தை இப்போது என்னைத்தான் அம்மா என்கிறது. சின்னது, திருத்துவானேன் என்று விட்டுவிட்டேன்.

வேலையை விட்டு எடுங்கள், போலீசில் சொல்லுங்கள். எதற்கும் மறுப்பில்லை. அவள் கையில் குற்றமில்லை என்று அவளிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். பாவம், இப்போதுதான் அழாமல் நிற்கப் பழகியிருக்கிறாள்.