வாசலில் தொங்கிய சாக்கு

எங்கள் தேயிலை எஸ்டேட் லயத்து வீடுகளில் பகலில் சத்தம் போட்டுப் பேசுகிறவர்கள் குறைவு, மேடம். இரவு ஷிஃப்ட் முடிந்து ஆள் தூங்குகிற வீட்டு வாசலில் கொழுந்துச் சாக்கு ஒன்றைத் தொங்கவிடுவோம். அதைப் பார்த்தால் மீன்காரர்கூட ஹாரன் அடிக்காமல் போய்விடுவார். என் வீட்டு வாசலிலும் ஒருநாள்கூடத் தவறாமல் தொங்கவிட்டேன். ஏலப்பாறையில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், மாரித்தாய் புருஷனைக் கண்ணாகப் பார்த்துக்கொண்டாள் என்றுதான் சொல்வார்கள்.

என் வீட்டுக்காரர் சுடலைக்கு ஃபேக்டரியில் இலை அரைக்கும் ரோலரில் வேலை. காலை ஆறரைக்கு வருவார், கஞ்சி குடிப்பார், படுத்தவுடன் தூங்கிவிடுவார். அந்தத் தூக்கத்தைப் பார்த்தாலே எனக்குக் குமட்டும். வாய் பிளந்திருக்கும். தேயிலைத்தூள் கலந்த எச்சில் கடைவாயில் பழுப்பாக வழிந்து தலையணையில் காயும். அந்த உறையைத் துவைத்ததும் நான்தான். குழந்தை போய் நாற்பது நாள்கூட ஆகாத வீட்டில் ஒரு மனிதருக்கு அப்படித் தூக்கம் வருமா, சொல்லுங்கள். எங்கள் அஞ்சுவுக்கு நாலு மாதம்தான். காய்ச்சலில் போய்விட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் டிஸ்பென்சரி நர்ஸ் பிரதீபா, ஷிஃப்ட்காரர்களின் குடும்பங்களை அழைத்து ஒரு வகுப்பு எடுத்தாள். முதலில் மேலோட்டமான தூக்கமாம், கூப்பிட்டால் விழித்துவிடுவார்களாம். அப்புறம் ஆழ்ந்த தூக்கம். உடம்பு தன் சோர்வையும் காயத்தையும் சரிசெய்துகொள்வது அப்போதுதான். அதற்குப் பிறகு கண்மணி உருளும் கனவுத் தூக்கம், அது மனசுக்கு. ஒரு சுற்று ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். நாலைந்து சுற்று ஓடினால்தான் ஆள் ஆளாக இருப்பான் என்றாள். மற்றவர்கள் கொட்டாவி விட்டார்கள். நான் கவனமாகக் கேட்டுக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து கட்டிலருகே முக்காலி போட்டு உட்கார்ந்தேன். மூச்சு நீண்டு குறட்டை சீரானதும், சோற்றுப்பானை மூடியைத் தரையில் போடுவேன். பெரிதாக இல்லை, கைதவறின மாதிரி. அவர் திடுக்கிட்டு எழுவார்.

"மணி என்னாச்சு புள்ள?"

"எட்டுதான். படுங்க."

மறுபடி படுப்பார். கொஞ்ச நேரத்தில் இமைக்குள் கண் நெளியத் தொடங்கும், தோலுக்கடியில் அட்டை போவதுபோல. எனக்கு உடம்பெல்லாம் கூசும். சில நாள் அந்த நேரத்தில் சிரிக்கவும் செய்வார். அப்போது மூடியைப் போடமாட்டேன், பாதத்தில் ஈரத்துணியை வைப்பேன். ஒரு தடவைகூட அவர் என்மேல் கோபப்பட்டதில்லை. சாக்கு தொங்கியதால் வெளியிலிருந்து ஒருவரும் கதவைத் தட்டவில்லை.

இப்படி மூன்று மாதம். டீயில் உப்பைப் போட்டுக் குடித்தார். தினமும் நடக்கிற பாதையில் வழி தெரியாமல் நின்றார். ஒருநாள் கஞ்சியை வைத்துக்கொண்டு அழுதார்.

"எனக்கு என்னமோ ஆவுது, மாரி. கண்ணத் தொறந்துக்கிட்டே கனாக் காணுதேன். பகல் ஷிஃப்டுக்கு மாத்தச் சொல்லி எழுதிக் குடுக்கவா?"

"எதுக்கு? நாலு நாள்ல சரியாயிரும்" என்றேன்.

போன வியாழக்கிழமை, ஓடுகிற ரோலருக்கு முன்னால் நின்றபடியே தூங்கிவிட்டார். கை உள்ளே போய்விட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன ஜீப் குட்டிக்கானம் தாண்டுவதற்குள் உயிரும் போய்விட்டது. விபத்து என்று உங்கள் ஸ்டேஷனில் எழுதியிருக்கிறார்கள். அதைத் திருத்தத்தான் வந்தேன். நான் தெரிந்தே செய்தது அது. அன்று பகலில் மட்டும் அவரைப் பதினொரு தடவை எழுப்பினேன்.

ஏன் என்று கேட்கிறீர்கள். தூக்கம் என்றாலே எனக்கு அருவருப்பு, அவ்வளவுதான். அஞ்சு போன அன்று காலையில், ஷிஃப்ட் முடிந்து வந்தவர் என்னை எழுப்ப வெகுநேரம் உலுக்க வேண்டியிருந்தது. நான் அப்படித் தூங்கியிருக்கிறேன். என் உடம்பைப் புரட்டி, அடியிலிருந்து பிள்ளையை எடுத்தது அவர்தான். முந்தின நாள் அவளுக்குக் காய்ச்சலே இல்லை.

"காய்ச்சல்னு சொல்லிருவோம் புள்ள" என்றார். சாகும்வரை ஒருவரிடமும் அதை மாற்றிச் சொல்லவில்லை, என்னிடம்கூட.

இவ்வளவையும் தெரிந்து வைத்துக்கொண்டு, அந்த மனிதர் என் கண்ணெதிரே நிம்மதியாகத் தூங்கினார், மேடம்.