கிணற்றடியில் வார்த்த தண்ணீர்

மூதூருக்குப் போகும் லாஞ்சுப் படகு திருகோணமலைத் துறையை விட்டு விலகியபோது, எனக்கு முன்னால் இருந்த இரண்டு பெண்களில் மூத்தவர் சொன்னார்:

"நாங்கள் அவளுக்குத் தண்ணி வாத்திருக்கக் கூடாது, மச்சாள்."

இருவரும் மூதூருக்குப் பக்கத்துக் கட்டைபறிச்சான் ஊர்க்காரர். அயல்வீட்டு விதவையை ஒருவன் கெடுத்த வழக்கில் சாட்சி சொல்லிவிட்டுத் திரும்புகிறார்கள் என்று பேச்சில் தெரிந்தது. அவனை அன்று விடுதலை செய்துவிட்டார்கள்.

"அவனைத் தண்டிக்க அவளின்ர சொல் மட்டும் காணாதாம்," என்றார் இளையவர். "சம்மதிக்கேல்லை எண்டதுக்கு உடம்பிலயோ உடுப்பிலயோ அடையாளம் வேணுமாம்."

"அதைத்தானே நாங்கள் மஞ்சள் பூசிக் கழுவினது. சீலையையும் தோய்ச்சு வேலியில காயப் போட்டம்."

"நல்லது செய்யிறம் எண்டுதானே செய்தனாங்கள்."

"ஓம்."



"இனி ஒருத்திக்கு இப்பிடி நடந்தால், பொலிசுக்குப் போகுமட்டும் குளிக்க விடப்படாது, மச்சாள்," என்றார் இளையவர்.

மூத்தவர் முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

"எப்பிடி விடாமல் இருக்கிறது? எங்களைக் கண்ட உடனே அவள் வேற ஒண்டும் கேக்கேல்லையே. 'அக்கா, என்னைக் கிணத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ' எண்டுதானே கேட்டவள்."