கோர்ட்டு மூலையில சிக்குன லாரி

தூணைப் பத்தி நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க தம்பி! அது நாலாவது தூணு... இல்லல்ல, அஞ்சாவது. நாலாவதைக் கோழி லாரி கொண்டுபோச்சு. தூணு விழுந்ததை விடுங்க, அன்னிக்கு ஊரு முழுக்கக் கோழி! என் காப்பிக் கடை வாசல்ல தூணு நிக்கிறதே அடுத்த லாரி வர்ற வரைக்கும்தான். உக்காருங்க. நின்னுகிட்டுக் கையைப் பிசைஞ்சா லாரி வெளிய வந்துருமா? மூஞ்சி போர்வீரன் சிலைகிட்ட, வாலு என் வாசப்படியில... ஆப்பு அடிச்ச மாதிரில்ல உக்காந்துருக்கு! என் தங்கச்சி மவன் டெல்பர்ட் வருவான், அவன்தான் இங்க போலீசு. வந்து எழுதிக்குவான். மெதுவாத்தான் வருவான். காப்பி குடிங்க.

இந்த ஊர்ல மனுசன் எப்படித்தான் குடியிருக்கிறது, சொல்லுங்க? பேருக்குக் கவுண்டிக்கே, அதான் இந்த ஜில்லாவுக்கே, தலைநகரு. அதோ அந்தக் கோர்ட்டுக்கு நூத்தித் தொண்ணூறு வயசு. உள்நாட்டுச் சண்டையில ரெண்டு பட்டாளமும் மாறி மாறிச் சுட்டுச்சாம். அந்தக் குண்டு ஓட்டையைக் காட்டி, ‘எங்க பாட்டனைக் குறி வச்சது, தப்பிச்சுட்டாரு’ம்பான் ஊர்க்காரன் ஒவ்வொருத்தனும். பொய்யி! அத்தனை பாட்டனும் ஒரே சுவத்துக்குப் பின்னாலயா ஒளிஞ்சிருந்தாங்க?

பழமையைக் காக்குறதுக்குன்னு ஒரு கமிட்டி வேற. என் கடைக் கதவுக்கு நீலம் அடிச்சேன் தம்பி, அதுக்கு மூணு கூட்டம் போட்டாங்க. அந்தக் காலத்துல இந்த நீலம் கெடையாதாம். ‘அந்தக் காலத்துல இந்தக் கமிட்டியும்தான் கெடையாது’ன்னேன். அத்தோட கூட்டத்தைக் கலைச்சுட்டாங்க.

கென்டக்கி மாநிலம் எவ்வளவு பெருசு! வடக்கேருந்து ஒரு ஹைவே, கிழக்கேருந்து ஒரு ஹைவே... ரெண்டுக்கும் வேற எடமே கெடைக்கலயா? நேரா இங்க வந்து முட்டிக்குது. குதிரை வண்டி திரும்பறதுக்குப் போட்ட மூலை இது! உங்க லாரி அறுபதடி இருக்குமா? எழுபதா! ஆத்தாடி. சாமானெல்லாம் கிடுகிடுன்னு ஆடும், பேசுறது கேக்காது... இந்தாங்க, பிளாக்பெர்ரி பை, மாவுக்குள்ள பழம் வச்சுச் சுடுறது. காலையிலதான் சுட்டேன். சாப்பிடுங்க.

என்னது? பலகையா? லாரி போக வேற பாதைன்னு பலகை எதுவும் இல்லையா வழியில... ம். அப்படியா. காப்பி இன்னும் ஊத்தவா? சர்க்கரை போதுமா?

ஏன் தம்பி மூஞ்சி இப்படிச் சுண்டிப்போச்சு? எழுதிட்டா என்ன, லைசென்ஸ்ல ஒரு கோடு விழும், அவ்வளவு... வேலை போயிருமா? ஐயையோ. சேர்ந்து ஒம்போது நாளா! பொண்டாட்டி வேற மாசமா இருக்காளா...

இங்க பாருங்க. ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்கக் கூடாது. பலகை இருக்கு தம்பி. பெரிய பலகை. லாரிக்குன்னு ஊருக்கு வெளிய சுத்துப்பாதை போட்டே ஏழு வருசமாச்சு. அந்தப் பிரியுற எடத்துலதான் என் வீடு. வேலியோரமா ஆரஞ்சுப் பூவா ஒரு கொடி பார்த்தீங்களா? பார்த்தீங்கல்ல? அதுக்குள்ளதான் இருக்கு பலகை. கொடி... நான் நட்டது.

கெட்ட எண்ணத்துல நடல! வேலிக்குத்தான் நட்டேன். சுத்துப்பாதை வந்த வருசமே செருப்புக்கடை மூடிட்டான், மருந்துக்கடை மூடிட்டான். மத்தியானம் நடுரோட்ல ஒரு நாய் படுத்தா, பொழுது சாயுற வரைக்கும் எந்திரிக்க வேண்டியதில்ல. நான் ஆறு பை சுட்டு அஞ்சைக் குருவிக்குப் போட்டேன். அப்பதான் கொடி பலகை மேல ஏறுச்சு. ஒருத்தர் வழி தப்பி லாரியோட வந்தாரு. என் வாசல்ல பசியோட ஒரு ஆளு நின்னு எத்தனை நாளாச்சு! மறுநாளே வெட்டுறதுக்குக் கத்தரி எடுத்துகிட்டுத்தான் போனேன், சத்தியமா. போயி... தண்ணி ஊத்திட்டு வந்துட்டேன்.

டேய் டெல்பர்ட், வந்துட்டியா! பேனாவை மூடு. இவரு பேரை எழுதாதே, உன் பெரியம்மா என் பேரை எழுது. வெர்னெல் டக்கெட், வயசு எழுபத்தொண்ணு, அரசாங்கப் பலகையை மறைச்ச குத்தம். சிரிக்காதடா! இவரு மேல ஒரு தப்பும் இல்ல. அந்தக் கொடியை இப்பவே வேரோட வெட்டிடுறேன்... வேண்டாமா? நீ ஏண்டா பதறுறே?

இரு, இரு. முட்டி வலியில ஜூன் மாசத்துலேர்ந்து நான் அதுக்குத் தண்ணியே ஊத்தல. மழையும் இல்ல, புல்லெல்லாம் கருகிக் கெடக்கு. இது மட்டும் எப்படிடா பச்சைப்பசேல்னு... யாரு? தண்ணி ஊத்துறது முடி வெட்டுற ஹோமரா? செவ்வாய்க்கிழமை அவரு, வெள்ளிக்கிழமை... ஜட்ஜம்மாவா! அட சண்டாளங்களா! அப்ப ஞாயித்துக்கிழமை?

அதானே பார்த்தேன்! குத்தவாளியே உடுப்பு மாட்டிகிட்டுப் பேனாவோட வந்து நிக்கிறான்! எழுதுன காயிதத்தைக் கிழி. ஆளைக் கூட்டிவந்து லாரியை எடுத்துக் குடு. இவரு முதலாளிக்குப் போனைப் போட்டு, பலகை தெரியாம போச்சு, தப்பு ஊரோடதுன்னு நீயே சொல்லு. அதுவரைக்கும் இப்படி உக்காரு.

தம்பி, அவதிப்பட்டது நீங்க. நீங்களே தீர்ப்புச் சொல்லுங்க. அந்தக் கொடியை வெட்டவா, விடவா? ...வாய் நெறைய பையை வச்சுகிட்டு இப்படி ரெண்டு பக்கமும் தலையை ஆட்டுனா நான் என்னன்னு எடுத்துக்கிறது!