பச்சை மீனுக்கு ஜெபம்

தக்கலையிலிருந்து நாகர்கோவிலுக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் ஒரு சர்ச் உபதேசியாரும், சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்திருந்த அவருடைய மைத்துனனும் உட்கார்ந்திருந்தார்கள்.

“பச்சை மீனுக்கா ஜெபம் பண்ணினே?” என்று உபதேசியார் கேட்டதும் என் காது தானாக அந்தப் பக்கம் போயிற்று.

“பின்ன என்ன செய்ய அத்தான்? எங்க கம்பெனித் தொர பெரிய ஜப்பான் ஹோட்டலுக்குக் கூட்டிட்டுப் போனாரு. சமையக்காரன் கண்ணு முன்னாலயே ஒரு உருண்டை சோத்தைப் பிடிச்சு, அதுமேல வேவாத மீன் துண்டை வச்சுத் தாறான். உடனே தின்னணுமாம். நான் கண்ணை மூடி, நீங்க சொல்லித் தந்த நீள ஜெபத்தைத் தொடங்கினேன்.”

“முழுசும் சொன்னியா?”

“முழுசும். கண்ணைத் தெறந்தா மீனைக் காணல்ல. எனக்குப் பிடிக்கல்லன்னு நெனச்சு வேற மீன் வச்சிருக்கான். புது மீனுல்லா, மறுபடியும் ஜெபம் பண்ணினேன். அதையும் எடுத்துட்டான். மூணாவதுக்கு ‘ஸ்தோத்திரம்’னு மட்டும் சொல்லி வாயில போட்டேன். வெண்ணெய் மாதிரி கரைஞ்சு போச்சு. இன்னைக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு ஜெபம் நான் பண்ணுகேன் அத்தான். நீங்க பண்ணினா அக்கா வச்ச மீன்கறி ஆறிப்போவும்.”

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். உபதேசியார் சிரிக்கவில்லை.

“அந்த மூணாவது மீனு எப்படிப்பட்டது?”

“அங்க உள்ளதுலயே ஒசந்த மீனாம். தொரயே சொன்னாரு.”

“மொதல் மீனுக்கே நீ ஜெபத்தைச் சுருக்கியிருந்தா அந்த ஒசந்த மீனு கிட்டியிருக்குமா?”

மைத்துனன் மூன்று மீனையும் விரல்விட்டு எண்ணிப் பார்த்தான்.

“இன்னைக்கும் ஜெபம் நான்தான்” என்றார் உபதேசியார்.