போதுமானவள்

இல்லை மேடம், அந்தச் சாம்பாரில் குறை ஒன்றும் இல்லை. உப்பும் புளியும் அளவாகத்தான் இருந்தன. முருங்கைக்காய் நன்றாக வெந்திருந்தது. நீங்கள் ஏன் திரும்பத் திரும்ப அதையே கேட்கிறீர்கள் என்று புரிகிறது. ஜாய்ஸ் உங்களிடம் முதலில் அதைத்தான் சொல்லியிருப்பாள். நிர்வாகத்தின் சார்பில் விசாரிக்க வந்தவர் நீங்கள், எதையும் விடாமல் எழுதிக்கொள்ள வேண்டும். நானும் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

மாமல்லபுரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் தனகோடி அக்காவின் மெஸ் இருக்கிறது. ஜாய்ஸுக்குக் காலை ஷிப்ட் இரண்டு மணிக்கு முடியும். எனக்கும் அப்போதுதான் சாப்பாட்டு நேரம். அவள் இந்த ஆஸ்பத்திரியில் நர்ஸ், நான் ஆபீஸ் கிளார்க். வெளிநாடு போக அவள் ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டியிருந்தது. சாப்பிட்டபடியே நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை, நானாகத்தான் செய்தேன். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரே பொருள் தரும் சொற்களில்தான் அவள் தடுமாறினாள். 'ஸ்லிம்' என்றால் ஒல்லி, 'ஸ்கின்னி' என்றாலும் ஒல்லி. முதலாவது பார்த்து ரசிக்கிற ஒல்லி, இரண்டாவது பார்த்து உச்சுக்கொட்டுகிற ஒல்லி என்று விளக்குவேன்.

"போ இனியா. ஒல்லின்னா ஒல்லி. இதுல இன்னா பேஜாரு?" என்பாள்.

இந்த இடத்தில்தான் எனக்கு எரிச்சல் வரும். அவள்மீது மட்டும் அல்ல, எல்லோர்மீதும். நான் மொழிபெயர்ப்பு நாவல்கள் படிப்பவன். பனி கொட்டும் ஊர்களின் கதைகளைச் செங்கல்பட்டு பஸ்ஸில் வியர்த்துக்கொண்டே படித்திருக்கிறேன். ஒரு நாவலில் ஒரு விதவை கதவை மூடினாள் என்று இருந்தது. ஆங்கிலப் பதிப்பைத் தேடிப் பார்த்தேன். அதில் அவள் தாழ்ப்பாள் சத்தம்கூடக் கேட்காமல் மெல்லச் சார்த்தியிருந்தாள். மூடுவதும் சார்த்துவதும் ஒன்றா? பதிப்பகத்துக்கு நான்கு பக்கக் கடிதம் எழுதினேன். பதில் இல்லை. இரண்டு முறை நினைவூட்டியும் இல்லை. ஒரு சொல் இடம் மாறினால் ஒருவருடைய வாழ்க்கையே மாறும் என்று நான் சொன்னால் இந்த ஊரில் சிரிப்பார்கள்.

ஒருநாள் பாடத்தில் 'அடிக்வேட்' வந்தது. "இந்தச் சாம்பார் எப்படி என்று யாராவது கேட்டால் இந்தச் சொல்லைச் சொல்லலாம்" என்றேன். "குறை சொல்ல முடியாது. ஆனால் இதற்காக யாரும் இன்னொரு முறை பஸ் ஏறி வரமாட்டார்கள்."

பின்னால் நின்ற தனகோடி அக்கா காதில் அது விழுந்துவிட்டது. "இன்னாபா, எஞ்சாம்பாருக்கு இங்கிலீஸ்ல மார்க் போட்றியா? துன்னுட்டு எழுந்திரு. அடுத்த ஆளு நின்னுகினு கீது."

ஜாய்ஸ் சிரித்த சிரிப்பில் அவளுக்குப் புரையேறிவிட்டது. அதன்பிறகு அந்தச் சொல்லை அவள் மறக்கவே இல்லை. தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கினாள்.

இனி, படிவங்கள்.

வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒரு நர்ஸை எடுப்பதற்கு முன் அவள் வேலை செய்த இடத்தில் நற்சான்று கேட்கும். அந்தப் படிவம் டாக்டர் வெங்கடேசனின் மின்னஞ்சலுக்கு வரும். அதன் பாஸ்வேர்டு என்னிடம் இருந்தது, அவருடைய கையெழுத்தின் ஸ்கேனும் என் கம்ப்யூட்டரில் இருந்தது. அவர் கை கழுவிக்கொண்டே தமிழில் சொல்வார், நான் ஆங்கிலத்தில் நிரப்பி அனுப்புவேன். அவர் படித்துப் பார்ப்பதில்லை. நர்ஸுக்கும் காட்டுவதில்லை. எனக்கு முன்பு இருந்தவர் காலத்திலும் இதுதான் வழக்கம்.

"தங்கமான பொண்ணுபா. வேலை சுத்தம்" என்றார் டாக்டர். "அவ போனா எனக்குக் கை ஒடிஞ்ச மாரி. இருந்தாலும் நல்லபடியா எழுதிப் போடு."

திறமை என்ற கட்டத்தில் 'எக்ஸலன்ட்' போட்டிருக்கலாம். எல்லோரும் போட்டுத் தேய்த்த சொல் அது. 'காம்பிடன்ட்' போட்டிருக்கலாம், நம்பி ஒப்படைக்கலாம் என்று பொருள். நான் 'அடிக்வேட்' போட்டேன். அகராதியைப் பாருங்கள், போதுமான என்றுதான் இருக்கும். வேலைக்குப் போதுமானவள். இதில் பொய் எங்கே இருக்கிறது?

இரண்டு வாரத்தில் அவளை மறுத்துவிட்டார்கள்.

இரண்டாவது ஆஸ்பத்திரி அவளுடைய குணத்தைக் கேட்டது. "எவ்ளோ கூட்டம் வந்தாலும் அலட்டிக்கவே மாட்டா" என்றார் டாக்டர். ஆங்கிலத்தில் 'காம்' என்றால் அமைதி, புயலிலும் அசையாமல் நிற்பது. 'பாசிவ்' என்பது தள்ளிய இடத்தில் கிடப்பது. நான் இரண்டாவதை எடுத்துக்கொண்டேன்.

மூன்றாவதற்கு டாக்டர் ஒரு சம்பவமே சொன்னார். அவர் ஒரு நோயாளிக்கு மருந்தின் அளவைத் தவறாக எழுதிவிட்டார். ஜாய்ஸ் அதைப் போட மறுத்து மூன்று முறை அவர் எதிரில் வந்து நின்றாள். "நான் கத்தினேன், உட்டாளா? அன்னிக்கு ஒரு உசுரு பொழச்சுது." இதற்கு ஆங்கிலத்தில் ஒரு நல்ல சொல் உண்டு, விடாமுயற்சி என்று நாம் சொல்வது. அதன் பக்கத்திலேயே பிடிவாதம் என்ற சொல்லும் இருக்கிறது, 'அப்ஸ்டினேட்'. சம்பவத்தை விட்டுவிட்டு அந்தச் சொல்லை மட்டும் எழுதினேன். கட்டத்தில் இடம் குறைவு.

மூன்று முறை மறுத்தால், வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சி பட்டியலிலிருந்து அவளுடைய பெயரை எடுத்துவிடும் என்பது எனக்குத் தெரியும். அவளே சொல்லியிருந்தாள். அவள் அம்மா சந்திரம்மா வேடந்தாங்கல் பக்கம் அடுத்தவர் வயலில் நாற்று நட்டு அவளைப் படிக்கவைத்தவர். "அங்க நர்ஸு ஒக்காந்துகினே டாக்டராண்ட பேசலாமாம், இனியா. எங்கம்மா குனிஞ்சது போதும், நான் நின்னது போதும்" என்றாள் ஒருமுறை. நல்ல வாக்கியம். நான் அதை என் டைரியில் எழுதிவைத்திருக்கிறேன்.

மூன்றாவது மறுப்பு வந்த அன்று மெஸ்ஸில் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. "எனக்குத் தெறம பத்தல போல. நீ சொல்லிக் குடுத்ததுல கொற இல்ல" என்றாள். அவளுக்கு ஆறுதலாக நான் படித்துக்கொண்டிருந்த நாவலின் கதையைச் சொன்னேன். முழுவதும் கேட்டாள். என் கதைகளை முழுவதும் கேட்கிறவள் அவள் ஒருத்திதான்.

அதன்பிறகு ஒரு மாற்றம் தெரிந்தது. ஊசி போடுமுன் மருந்துப் பெயரை ஒரு முறை படிப்பவள் மூன்று முறை, நான்கு முறை படித்தாள். வார்டில் எல்லோர் முன்பும் டாக்டர், "இன்னாமா ஆச்சு உனக்கு? புதுசா சேந்தவ மாரி நிக்கற?" என்று கேட்டார். அவள் தலை குனிந்தபடி அந்த மருந்துப் பெயரை மறுபடியும் படித்தாள். நான் என் இடத்திலிருந்தே பார்த்தேன். என் சொல் அவளுக்குப் பொருந்தத் தொடங்கியிருந்தது. அப்போது எனக்கு ஒரு நிம்மதி வந்தது. அதுவரை லேசாக உறுத்திக்கொண்டிருந்தது.

ஏன் செய்தாய் என்று கேட்டீர்கள். காதலா என்றும் கேட்டீர்கள். அந்தச் சொல் சரியாக வராது மேடம், வேறு ஏதாவது வேண்டும், எனக்கு இன்னும் கிடைக்கவில்லை. அவள் போய்விட்டால் மெஸ்ஸில் என் எதிர் நாற்காலி காலியாகிவிடும். அது ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு. நான்கு பக்கம் எழுதியும் ஒருவரை அசைக்க முடியாத என்னுடைய ஒரே ஒரு சொல் கடல் தாண்டிப் போய் ஒரு கதவைச் சார்த்தியது. மூடவில்லை, சார்த்தியது. இங்கே யாருக்கும் சத்தம் கேட்கவில்லை. மூன்றையும் நான்தான் எழுதினேன். எது எதைச் செய்யும் என்று தெரிந்தேதான் எழுதினேன். அவளுக்குக் கெடுதல் செய்ய நினைத்ததில்லை.

முந்தாநாள் பகல் அவள் என் மேசைக்கு வந்தாள். ஏன் மறுத்தார்கள் என்று அந்த ஆஸ்பத்திரிகளுக்கு அவளே எழுதிக் கேட்டு, மூன்று படிவங்களின் நகலையும் வாங்கியிருந்தாள். அவள் எழுதிய கடிதம் மேலே பின் குத்தியிருந்தது. அதை என்னிடம் திருத்தக் கொடுக்கவில்லை. படித்துப் பார்த்தேன், ஒரு சொல்கூட மாற்ற வேண்டியதில்லை.

ஆஸ்பத்திரியில் எப்போதும் நின்றுகொண்டே பேசுகிறவள் அன்று நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள். அழவில்லை. முதல் படிவத்தைத் திருப்பி என் பக்கம் வைத்து, அந்த ஒரு சொல்லுக்குக் கீழே விரலை வைத்தாள்.

"இனியா, அந்தச் சாம்பார் கதைய இன்னொரு தபா சொல்லேன்."